கைக்கு வந்த வடிவம் வாய்க்கு வர வேண்டாவா?

சேலத்திற்கு வடக்கே வானளாவி நிற்பது சேர்வராயன் மலை. ஆங்கிலவன் வாயில் அது ‘செவராய்’ ஆயிற்று. ஏற்காடு ‘எர்க்காடு’ ஆயிற்று. அவன் கப்பலேறிச் சென்று முக்கால் நூற்றாண்டு கடந்த பின்னும், அம் மலைக்கு இன்பச் செலவு செல்லும் தமிழன் அவன் திரித்த பெயர்களையே ஆங்கில எழுத்தில் எழுதிக் களிக்கின்றான். பெயரைத்தானே திரித்தான், மலையைத் தூக்கிச் செல்லவில்லையே என்று அமைதி கொள்வாரும் உளர். பெயரைப் பறிகொடுத்தவன் பொருளையும் ஒருநாள் பறிகொடுப்பான் என்பதை அவர் அறியார். அந்த இழப்பு இன்று பள்ளிக் கணக்கு வகுப்பின் வாயிலில் வந்து நிற்கின்றது.

அம் மலையின் ஊராட்சிகளுள் ஒன்று வெள்ளக்கடை. அம் மலையூர்களில் வழிவழியாக வாழ்வோர் மலையாளி எனப்பெறும் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டு அவரைக் கேரளத்தார் என மயங்குவோர் பலர். மலையை ஆள்வோர் என்பதே அப் பெயரின் பொருள். அவர் பேசுவது தமிழே. காஞ்சியிலிருந்து வந்து மலையேறியோர் தம் முன்னோர் என்பது அவர்தம் வழிவழிச் செய்தி.

அவ்வூர்ச் சிறுவன் ஒருவனை எண்ணிப் பார்க்க. மேட்டில் நேரே ஏறினால் மூச்சு முட்டும். வளைந்து ஏறினால் வழி நீளும், களைப்புக் குறையும் என்பதை அவன் கால்கள் அறியும். சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு ஏறும் சாலையில் 20 கொண்டையூசி வளைவுகள் ஏன் அமைந்தன என்று அவனுக்கு எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. படிபடியாக வெட்டிய கொல்லையில் மழைநீர் எங்குத் தேங்கும், எங்கு வழியும் என்பதை அவன் கண்கள் அறியும். சரிவு, உயரம், அடுக்கு, வளைவு, கொள்ளளவு ஆகிய கணக்குக் கருத்துகள் அவன் உடம்பிலேயே ஊறிக் கிடக்கின்றன. அவை ஒவ்வொன்றற்கும் அவன் தாய் சொல்லித்தந்த பெயரும் உண்டு. அவன் கால் அறிந்ததை அவன் அறிவும் அறியுமாறு செய்வதே வகுப்பறையின் வேலை.

அவ் வேலைக்கு இன்று ஒரு நல்ல பொறி கிடைத்திருக்கின்றது. அப் பொறியை ஏற்றிவந்த வண்டியிலேயே மொழிக்கேடும் ஏறி வந்திருக்கின்றது. பொறியை வரவேற்று மொழிக்கேட்டை இறக்கிவிடாது திருப்பி அனுப்பத் தவறினால், பொறி வந்தும் அறிவு வாராது.

பொறி எத்தகையது?

அதன் பெயர் முப்பருமான அச்சுப்பொறி. தாளில் மையை ஒற்றும் பழைய அச்சு, நீளம் அகலம் என்னும் இரு பருமானங்களோடு நின்றுவிட்டது. இப் பொறியோ உயரத்தையும் சேர்த்து அச்சிடுகின்றது. நெகிழியிழை ஒன்று சூடேறிய நுண்துளை வழியே உருகி வருகின்றது. கணிப்பொறி காட்டும் தடத்தில் அத் துளைவாய் நகர்ந்து, தட்டின்மேல் ஒரு மெல்லிய படலத்தை இழைக்கின்றது. அஃது இறுகியதும் அதன்மேல் அடுத்த படலம், அதன்மேல் அடுத்தது. வாயிலில் மாக்கோலம் இடும் கை, ஒரு கோலத்தின் மேலேயே மீண்டும் மீண்டும் ஐந்நூறு முறை மாவைப் பொழிந்தால் எப்படி ஒரு சுவர் எழுமோ, அப்படியே இதில் வடிவம் எழுகின்றது. படலம் ஒன்றன் தடிப்புப் பெரும்பாலும் 0.2 மி.மீ. எனவே 10 செ.மீ. உயரமுள்ள ஒரு பொருள் 500 படலங்களால் ஆகின்றது.

அவ் விழையாகப் பெரிதும் பயன்படும் நெகிழிவகை, மக்காச்சோளம், கரும்பு, மரவள்ளி போன்றவற்றின் மாவுச்சத்திலும் இனிப்புச்சத்திலும் இருந்து எடுக்கத்தக்கது. மரவள்ளிக்கும் சவ்வரிசிக்கும் பெயர்பெற்ற சேலத்தார்க்கு இச் செய்தி தித்திக்க வேண்டும்.

இப் பொறியின் பிறப்பு வரலாற்றைத் தமிழர் சற்று ஊன்றி நோக்க வேண்டும். ஒளிபட்டு இறுகும் குழைவைப் படலம் படலமாக அடுக்கி வடிவம் சமைக்கும் முறையை 1981-இல் வெளியிட்டவர் சப்பான் நாட்டு நகோயா நகரத்து இடியோ கொடாமா. 1984 சூலையில் இத்தகைய முறைக்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தோர் பிரெஞ்சு நாட்டார் மூவர். அவர்க்குச் சில கிழமைகள் பின்னர், அவ்வாண்டு ஆகத்தில் விண்ணப்பித்து, 1986-இல் உரிமை பெற்றவர் அமெரிக்கராகிய சார்லசு அல். இழையை உருக்கி அடுக்கும் முறையின் முதற் காப்புரிமை 2009-இல் முடிவுற்றது. அதற்கு முன்பே, 2005-இல், இங்கிலாந்தின் பாத்துப் பல்கலைக்கழகத்து ஆட்ரியன் போயர் இத்தகைய பொறியை எவரும் செய்துகொள்ளுமாறு திறந்த வரைவாக வழங்கும் முயற்சியைத் தொடங்கியிருந்தார். இவ் விரண்டினாலும் விலை இறங்கிப் பொறி பள்ளிக்கு வந்தது.

இதனால் பெறப்படுவது யாது? இப் பொறிக்கு ஆங்கிலம் தாய்மொழி அன்று. சப்பானியன் சப்பான் மொழியில் எண்ணினான். பிரெஞ்சுக்காரன் பிரெஞ்சில் எண்ணினான். அமெரிக்கன் தன் மொழியில் எண்ணினான். மூவரும் பிறர்மொழிக்குக் காத்திராமல் தத்தம் மொழியில் எண்ணியதனாலேயே ஒரே காலத்தில் ஒரே கரைக்கு வந்து சேர்ந்தனர். தமிழன் மட்டும் ஆங்கிலத்தில் நினைத்தாலன்றி இப் பொறி இயங்காது என்று எவன் சொன்னான்?

கணக்கைக் கைக்குக் கொணர்தல்

கூம்பகத்தின் கொள்ளளவு, அதே அடியும் அதே உயரமும் உடைய பட்டகத்தின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு என்பது வாய்பாடு. ஏன் மூன்றில் ஒன்று? ஏன் பாதி அன்று? கரும்பலகையில் எழுதிப் போடுவதோடு வகுப்பு முடிகின்றது. பிள்ளையின் ஐயம் முடிவதில்லை.

முப்பருமான அச்சு அவ் ஐயத்தைத் தீர்க்கின்றது. கூம்பகத்தைப் பத்துப் படலங்களாக அடுக்குவதாகக் கொள்க. உச்சியில் ஒரு கட்டி. அதன் கீழ் 2×2. அதன் கீழ் 3×3. இவ்வாறே அடியில் 10×10. எல்லாம் கூட்டினால் 385 கட்டிகள். அதே அடியும் உயரமும் உடைய முழுக்கட்டியில் 1000. விகிதம் 0.385. படலங்களை மெலிவித்து நூறாக்கினால் 0.33835. ஐந்நூறாக்கினால் 0.3343. படலம் மெலிய மெலிய விடை மூன்றில் ஒன்றை நெருங்குகின்றது, ஆனால் தொட்டுவிடுவதில்லை. மேல்வகுப்பில் ‘எல்லை’ என்றும் ‘தொகையீடு’ என்றும் அஞ்சி நடுங்கும் கணக்கின் வித்து இதுவே. அதனைப் பன்னிரண்டு அகவைப் பிள்ளை தன் விரல் நுனியால் தடவி அறிகின்றது. பின்னர், ஒரே அளவான சாய்ந்த கூம்பகம் மூன்றினை அச்சிட்டுப் பொருத்திக் காட்டினால் முழுக்கட்டி ஒன்று நிறைகின்றது. வாய்பாடு கைக்குள் அடங்கிவிட்டது!

வெற்றிலைக் கவுளியைச் சாய்த்து வைத்தாலும் இலையின் எண்ணிக்கை மாறாது. அவ்வாறே, படலங்களைச் சாய்த்து அடுக்கினாலும் கொள்ளளவு மாறாது. இத்தாலியராகிய கவாலியேரி 1635-இல் நூலாக்கிய உண்மை இது. கடைத்தெருவில் வெற்றிலை வாங்கும் பாட்டிக்குத் தெரிந்த உண்மையும் இதுவே.

இனி அளவைகளைக் காண்க. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இவ் வாய்பாட்டை ஒப்பிக்கும் பிள்ளையிடம், உழக்கின் வடிவம் மாறாமல் உரி ஒன்று செய்க என்றால், நீள அகல உயரங்களை இரட்டித்துவிடும். அவ்வாறு அச்சிட்ட ஏனத்தில் தண்ணீரை ஊற்றினால் எட்டு உழக்குக் கொள்ளும். அஃதாவது இரு நாழி! உரிக்கு வேண்டியது, ஒவ்வோர் அளவையும் ஏறத்தாழ 1.26 மடங்காக்குவதே என்பதைப் பிள்ளை தன் தவற்றினின்றே கற்கும். முப்படி மூலம் என்னும் கருத்து வந்துவிட்டது. அடியின் ஆரமும் உயரமும் ஒத்த கூம்பு, அரையுருண்டை, உருளை ஆகிய மூன்று ஏனங்களை அச்சிட்டு நீரை அளந்தால் 1, 2, 3 என்னும் விகிதம் கண்முன் நிற்கும். உருண்டைக்கும் உருளைக்கும் உள்ள உறவைக் கண்டு, அதனைத் தம் கல்லறையிலும் பொறிக்கச் செய்தவர் ஆர்க்கிமிடீசு. அவர் அதனை எழுதியது தம் தாய்மொழியாகிய கிரேக்கத்திலேயே.

எல்லாவற்றினும் மேலாக, வெள்ளக்கடைப் பிள்ளைக்கு அவன் மலையையே அச்சிட்டுத் தரலாம். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க விண்ணோடம் ஒன்று நிலவுலகின் மேடு பள்ளங்களை அளந்தது. அவ் வளவுகள் இன்று எவர்க்கும் விலையின்றிக் கிடைக்கின்றன. 1:50,000 என்னும் அளவில் அச்சிட்டால், 0.2 மி.மீ. படலம் ஒன்று சரியாக 10 மீட்டர் உயரத்தைக் குறிக்கும். 20 செ.மீ. தட்டில் 10 கிலோமீட்டர் நிலம் அடங்கும். சேலத்துச் சமவெளி ஏறத்தாழ 280 மீட்டர். மலையுச்சி 1,600 மீட்டருக்கு மேல். எனவே ஏறத்தாழ 130 படலங்களில் சேர்வராயன் மலை பிள்ளையின் உள்ளங்கையில் எழுந்து நிற்கும். படலங்களின் விளிம்புகளே ஒத்த உயரக் கோடுகள். விளிம்புகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் மென்சரிவு. நில வரைபடத்தில் பொருளற்ற கீறல்களாய்க் கிடந்தவை, பிள்ளை நாளும் நடக்கும் வழியாக உயிர்பெறும்.

மொழிக்கேடு வந்த வழி

இத்தகைய பொறி பள்ளிக்கு எவ்வாறு வந்தது? 2016-இல் இந்திய ஒன்றிய அரசின் ‘நிதி ஆயோக்’ தொடங்கிய திட்டத்தின்கீழ், ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கென ‘அடல் டிங்கரிங் லேப்’ என்னும் ஆய்வகங்கள் அமைக்கப்பெற்றன. ஒரு பள்ளிக்கு 20 இலக்கம் உருபா வரை நல்கை. முப்பருமான அச்சுப்பொறி அவ் வாய்வகக் கருவிகளுள் ஒன்று. நாடு முழுதும் 10,000 ஆய்வகங்கள் அமைந்தபின், மேலும் 50,000 ஆய்வகங்களை ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் அமைப்பதாக 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தனர். பொருள் நல்கியதைக் குறைகூறுவார் இல்லை. அது தமிழன் கட்டிய வரியும் சேர்ந்த பொருளே.

பெயரைப் பாருங்கள்! ‘அடல்’ என்பது வலிமையைக் குறிக்கும் செந்தமிழ்ச் சொல் என்று மகிழ வேண்டா. அது வாசுபாயியின் முன்பெயர். ‘டிங்கரிங்’ என்பதோ தமிழ்நாட்டில் நெளிந்த உந்துகளின் தகட்டைத் தட்டி நிமிர்த்தும் பட்டறைப் பலகையில் எழுதியிருக்கும் சொல். சேலத்து நெடுஞ்சாலையோரம் அப் பலகையைக் கண்ட பிள்ளை, பள்ளியில் அதே சொல்லைக் கண்டால் என்ன நினைக்கும்? தில்லி வைத்த பெயர் அதன் உள்ளத்தில் ஒரு கருத்தையும் எழுப்பாது; எழுப்பினாலும் தவறான கருத்தையே எழுப்பும்.

பெயரோடு நின்றதா? இல்லை. பொறியை இயக்கும் மென்பொருளின் கட்டளைகள் ஆங்கிலம். தட்டு ‘பெட்’ ஆயிற்று. இழை ‘பிலமெண்ட்’ ஆயிற்று. படலம் ‘லேயர்’ ஆயிற்று. படலமாகச் சீவுதல் ‘சிலைசிங்’ ஆயிற்று. முட்டுக்கொடுத்தல் ‘சப்போர்ட்’ ஆயிற்று. வாழைத்தாருக்கு முட்டுக்கொடுக்கத் தெரிந்த பிள்ளைக்குச் ‘சப்போர்ட்’ என்று கற்பிப்பது அறிவு வளர்ச்சியா? தெரிந்ததைத் தெரியாததாக்கும் பெருங்கலை அன்றோ அது! கணக்குக் கருத்தை எளிதாக்க வந்த பொறி, முதலில் இருபது அயற்சொற்களை உருப்போடச் செய்கின்றது. சொல்லை உருப்போட்ட பிள்ளை, தான் கணக்கைக் கற்றுவிட்டதாக ஏமாறுகின்றது; பார்க்க வந்த அலுவலரும் ஏமாறுகின்றார்.

இதே ஒன்றிய அரசு 2020-இல் வெளியிட்ட கல்விக் கொள்கையில், இயன்றவிடத்தெல்லாம் ஐந்தாம் வகுப்பு வரையிலேனும், எட்டாம் வகுப்பும் அதற்கு மேலும் வரை ஆயின் நலமென்றும், தாய்மொழியே பயிற்றுமொழி ஆதல் வேண்டும் என்று எழுதிற்று. எழுதிய கை ஒன்று. பெயர்ப்பலகை மாட்டிய கை மற்றொன்று போலும்!

தில்லியை மட்டும் ஏசி அமர்தல் முறையாகாது. தமிழ்நாட்டரசே 2012-13 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகளைத் திறந்துவிட்டது. தமிழின் பெயரால் ஆட்சிக்கு வந்தோர் எவரும் பின்னர் அக் கதவை மூடத் துணியவில்லை. நன்று செய்ததும் உண்டு: 2022 நவம்பரில், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் அறிவியலையும் கணக்கையும் செய்து கற்பதற்கெனத் தொடங்கிய திட்டத்திற்கு ‘வானவில் மன்றம்’ என்று பெயரிட்டனர். பதின்மூவாயிரத்திற்கு மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்கான திட்டம் அது. வானவில் என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளையின் கண் மேலே உயர்கின்றது. தமிழில் பெயரிட்டதனால் அத் திட்டத்தின் அறிவியல் குறைந்துவிட்டதா? குறையவில்லையெனின், பெயருக்கு இசைந்த தமிழ் பொறிக்கு மட்டும் இசையாதா?

மறுப்புரைகளும் மறுமொழிகளும்

‘கணக்கு உலகப் பொது, அதனை உலகப் பொதுமொழியிற் கற்பதே முறை’ என்பர் சிலர். கணக்கு உலகப் பொது என்பது உண்மை. அதனாலேயே அஃது ஒரு மொழிக்கும் அடிமை அன்று. சப்பானும் கொரியாவும் செருமனியும் பின்லாந்தும் தத்தம் பிள்ளைகட்குத் தத்தம் மொழியிலேயே கணக்குக் கற்பிக்கின்றன. அவர் கட்டிய பாலம் இடிந்து விழவில்லை. ஒன்றிய நாடுகளின் கல்வி அறிவியல் பண்பாட்டு அமைப்பாகிய யுனெசுகோவும் 1953-இலேயே தாய்மொழியே சிறந்த பயிற்றுமொழி என்று அறிக்கை விடுத்தது. ஆங்கிலத்தைக் கற்க வேண்டா என்பார் ஈண்டு ஒருவருமிலர். ஆங்கிலத்தை ஆங்கில வகுப்பில் நன்கு கற்க. கணக்கைக் கணக்கு வகுப்பில் தமிழிற் கற்க. ஒரு பிள்ளையின் தலையில் இரண்டு சுமையையும் ஒருசேர ஏற்றி, இரண்டையும் கீழே போடச் செய்தல் கல்வியாகாது.

‘தமிழிற் சொல் இல்லை’ என்பர் வேறு சிலர். இதனைச் சேலத்து மண்ணில் நின்று சொல்வதற்கு நாணவேண்டும். மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கங் கண்ட அதே 1916-ஆம் ஆண்டில், சேலத்தில் வழக்குரைஞராயிருந்த இராசகோபாலாச்சாரியார், வேதியல், இயற்பியல், கணக்கியல், வானியல் முதலியவற்றின் சொற்களைத் தமிழில் ஆக்குதற்கென ஒரு கழகம் நிறுவினார். அவரே முதலமைச்சராகி 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கித் தமிழ்நாட்டைக் கொந்தளிக்கச் செய்தமை வரலாற்றின் நகைப்பு. ஆயினும் அறிவியலைத் தமிழிற் சொல்லலாகும் என்பதற்கு அவர் தொடங்கிய பணியே சான்று பகரும். பின்னர் 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர் மொழிஞாயிறு பாவாணர். வேரினின்று சொல்லை வளர்த்தெடுக்கும் நெறியை அவர் காட்டிச் சென்றார். யாழ்ப்பாணத்து மானிப்பாயில், அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். குடல் அறுத்துத் தைக்கும் கலையைத் தாங்கிய தமிழ், நெகிழி இழையைத் தாங்காதா?

பாடப் பொத்தகமும் குற்றமற்றதன்று. கூம்பு, உருளை, பட்டகம் என அழகிய சொற்கள் அதில் உள. அவற்றின் நடுவே கனச்சதுரம், கோளம், பிரமிடு என்பனவும் அமர்ந்திருக்கின்றன. கூம்பு என்றதும் அது கூம்பியிருத்தலைப் பிள்ளை காண்கின்றது. உருளை என்றதும் உருளுதலைக் காண்கின்றது. ‘கனச்சதுரம்’ என்றதும் என்ன காணும்? கனக்கும் சதுரம் என்றே எண்ணும். ஆறுமுகக் கட்டி என்க. எத்தனை முகம் என்ற வினாவிற்கு விடை பெயரிலேயே இருக்கும். கோளத்தை உருண்டை என்க. பிரமிடைக் கூம்பகம் என்க. தூய சொல் என்பது புலவர்தம் அணிகலன் அன்று. பிள்ளை தடுமாறாது நடப்பதற்கு இட்ட படி அது.

‘மென்பொருள் ஆங்கிலத்தில் உள்ளதே’ என்பது மூன்றாம் மறுப்பு. மூலநிரலைத் திறந்தே வைத்திருக்கும் மென்பொருள்கள் இத் துறையில் பல. அவற்றின் கட்டளைகளைத் தமிழாக்க எவரிடமும் இசைவு கேட்க வேண்டுவதில்லை. தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதும் ‘எழில்’ என்னும் நிரல்மொழியைத் தமிழரே ஆக்கிக் காட்டியிருக்கின்றனர். 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கிற்று. கதவு பூட்டியிருக்கவில்லை, தள்ளுவார்தாம் குறைவு.

தமிழ்ப் பற்றாளர் கடன்

இந்நிலையில் தமிழ்ப் பற்றாளரும் தம்மை நோக்கி ஒரு வினா எழுப்பிக்கொள்ள வேண்டும். கணக்கதிகாரம் படைத்த காரிநாயனாரின் பெருமையை மேடைதோறும் பேசுகின்றனர். பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ண அந் நூல் கூறும் வழியையும் வியந்து சொல்கின்றனர். காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டும் என்பது அவ் வழி. கைதட்டல் கிடைக்கின்றது. ஆனால், பலா விளையும் சேர்வராயன் மலையில் ஒரு பழத்தைக் கொணர்ந்து, முள்ளை எண்ணி, கணக்கிட்டு, பின்னர் அறுத்துச் சுளையையும் எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்? விடை பொருந்தின் மகிழ்க; பொருந்தாவிடின் ஏன் என்று ஆராய்க. முன்னோரைப் போற்றும் முறை அதுவே. முந்திரி என்பது 320-இல் ஒன்று, காணி 80-இல் ஒன்று, மா 20-இல் ஒன்று என்று நுண்ணிய பின்னங்களுக்குப் பெயரிட்ட இனம், இன்று 0.2 மி.மீ. படலத்திற்குப் பெயரிடத் தயங்குவது அம் முன்னோர்க்குச் செய்யும் சிறப்பாகாது.

அதனினும் பெருங்குறை ஒன்று உண்டு. புதுச்சொல் ஆக்குவோர் அதனைத் தாளில் எழுதி, தமக்குள் படித்து, தாமே பாராட்டி அமைந்துவிடுகின்றனர். பொறி நிற்கும் இடத்திற்குச் சொல் செல்வதில்லை. சொல் சென்று சேரும் முன் அயற்சொல் அங்குக் குடியேறிவிடுகின்றது. பின்னர் அதனைத் துரத்துவது வேரூன்றிய மரத்தைப் பெயர்ப்பது போலாம். பொறி வரும் நாளிலேயே சொல்லும் உடன் வரவேண்டும்.

ஆகவே செய்யத்தக்கன இவை. முதலாவது, முப்பருமான அச்சுப்பொறி உள்ள ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும், பொறியின் உறுப்புகளுக்கும் செயல்களுக்கும் உரிய தமிழ்ப் பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுதிப் பொறியின் அருகிலேயே ஒட்டுதல் வேண்டும். ஐம்பது சொற்கள் போதும். இரண்டாவது, கணக்காசிரியரும் தமிழாசிரியரும் ஒரே மேசையில் அமர்ந்து பாடத்திற்கேற்ற வடிவங்களையும் அவற்றின் விளக்கங்களையும் தமிழில் எழுதுதல் வேண்டும். சொல் தமிழாசிரியரிடமும் பொருள் கணக்காசிரியரிடமும் தனித்தனியே கிடப்பதனாலன்றோ இரண்டும் கெட்டன! மூன்றாவது, தமிழ்நாட்டரசு அவ் வடிவங்களையெல்லாம் திரட்டி, எப் பள்ளியும் எடுத்து அச்சிடுமாறு பொதுவில் வைத்தல் வேண்டும். நான்காவது, ஆய்வகப் பெயர்ப்பலகை தமிழில் இருத்தல் வேண்டும். தில்லியின் பெயரைச் சுமப்பதற்கென்று தமிழ்நாட்டுப் பள்ளிச் சுவர்கள் எழும்பவில்லை.

பொறி இன்னும் வாராத மலைப்பள்ளி என்ன செய்யும்? காத்திருக்க வேண்டா. களிமண்ணும் நூலும் போதும்; கூம்பகத்தை அறுத்துக் காட்டலாம். மரவள்ளிக் கிழங்கைச் சீவி அடுக்கலாம். தடித்த அட்டையை ஒத்த உயரக் கோடுகளின்படி வெட்டி ஒட்டினால் சேர்வராயன் மலை எழுந்துவிடும். தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் 2007 முதல் செயல்வழிக் கற்றலை நடத்திக் காட்டிய ஆசிரியர்க்கு இது புதிதன்று. பொறி கருவியே; கருத்து அன்று. மொழியோ கருவிக்கும் முந்தியது. கருத்து பிறப்பதும் வளர்வதும் அதன் மடியிலேதான்.

எண்ணையும் எழுத்தையும் வாழும் உயிர்க்கு இரு கண்கள் என்றார் வள்ளுவர். இன்றையோர் ஒரு கண்ணை மற்றொரு கண்ணுக்குப் பகையாக்கிவிட்டனர். எண்ணைப் பெறவேண்டின் தாயெழுத்தை விடுக என்கின்றனர். இரு கண்ணும் ஒன்றையே நோக்கும்போதுதான் ஆழம் தெரியும். ஒரு கண்ணை மூடியவனுக்கு உலகம் தட்டையே. முப்பருமானத்தைக் கற்பிக்க வந்தோர் பிள்ளையின் ஒரு கண்ணை மூடுவது எத்துணைப் பேதைமை!

நாளை வெள்ளக்கடைப் பிள்ளை ஒன்று, 130 படலங்களால் ஆன தன் மலையைக் கையில் ஏந்தும். அதன் விரல் ஒரு சரிவில் ஏறும். ஒரு வளைவில் திரும்பும். தன் வீடிருக்கும் இடத்தில் வந்து நிற்கும். அப்பொழுது அதன் வாயில் வருவது ‘ஸ்லோப்’, ‘லேயர்’, ‘ஹைட்’ என்பனவா? சரிவு, படலம், உயரம் என்பனவா? மலையின் பெயரை ஒருமுறை திரிக்கவிட்டாயிற்று. மலையைப் பற்றிய அறிவையும் திரிக்கவிடுவதா?

கைக்கு வந்த வடிவம் வாய்க்கும் வரவேண்டும். வாய்க்கு வந்தது உள்ளத்தில் நிலைக்கவேண்டும். அதற்குத் தமிழன்றி வேறு வழியில்லை. தமிழாசிரியரும் கணக்காசிரியரும் பெற்றோரும் இன்றே எழுக! பொறி வருமுன் சொல்லோடு பள்ளி வாயிலில் நிற்க!